துணிக்கு அடியில் கண்டது

புதுவாயல்
11.6.2007

அன்புள்ள அக்காவுக்கு,

ரமீஸா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்திருந்தால் உங்களுக்கு என் ஸலாம். நாம் பேசி இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. இங்கே எல்லோரும் சுகம். அவர் சுகம். மெஸ் நடக்கிறது. சிப்காட்டில் புதிதாக ஒரு இரும்புக் கம்பெனி திறந்திருக்கிறார்கள், அங்கே மட்டும் தினம் அறுபது சாப்பாடு போகிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் போன் கல்லாப்பெட்டி மேல் இருக்கிறது, பக்கத்தில் அவரோ வேலைக்கு இருக்கும் செல்வியோ யாராவது நிற்பார்கள். உங்கள் வீட்டில் போனை எடுப்பது உங்கள் மருமகள். அதனால்தான் கடிதம். முதலில் இன்லண்ட் லெட்டர் வாங்கினேன். அதன் ஓரத்தில் விரலை விட்டுப் படித்துவிடலாமே என்று தோன்றி, கவர் வாங்கி ஒட்டியிருக்கிறேன்.

கேட்க நினைத்தது இதுதான். நான் மவுத்தானால் என்னை நீங்கள் மட்டும்தான் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீர் ஊற்ற இன்னொருத்தி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் திரைக்கு அந்தப் பக்கம் நின்று செம்பை மட்டும் நீட்டட்டும். இந்தப் பக்கத்தில் குளிப்பாட்ட வருகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் வேண்டாம். என் உடம்பில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள், கோபம்தான் படுவீர்கள். கோபம் பரவாயில்லை.

பயப்பட வேண்டாம், நான் இப்போதே போய்விடப் போவதில்லை. மனதில் தோன்றியதை எழுதிவிட்டேன். சம்மதம் என்றால் ஒரு வரி போடுங்கள்.

ரமீஸா

பழவேற்காடு
16.6.2007

ரமீஸாவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தேன், பிறகு எடுத்து மறுபடியும் படித்தேன். எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? உனக்குப் பல் முளைக்கும்போது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்தவள் நான்.

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். நோய் திரும்பி வந்திருக்கிறதா? நாற்பத்திரண்டு வயதில் ஒருத்தி தன் மய்யத்தைக் குளிப்பாட்ட ஆள் பிடிக்கிறாள் என்றால் காரணம் இல்லாமல் பிடிக்க மாட்டாள்.

உனக்கு என் மேல் என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். 2004-ல் புற்று என்று உன் இடது மார்பை எடுத்தபோது பதினெட்டு நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள் நான். ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லச் சொன்னாய், அப்படியே சொன்னேன். அடுத்த வருடம், எடுத்த இடத்தில் சிலிக்கான் பையை வைத்துத் தைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேள்விப்பட்டு ஓடி வந்தேன். "நாப்பது வயசுல இதெல்லாம் யாருக்குடி காட்ட?" என்று கேட்டேன். அங்கே நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தது என் தப்பு இல்லை. கேட்டது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சத்தமாகக் கேட்டிருக்க வேண்டாம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பதின்மூன்று வயது மூத்தவள் நான், முதலில் போகப் போவதும் நான்தான். இருந்தாலும் சொல்கிறேன். முப்பது வருடமாக இந்த ஊர்ப் பெண்களைக் குளிப்பாட்டுகிறேன். மேலே துணி போர்த்தி, கையில் துணி சுற்றி, அந்தப் போர்வைக்கு அடியில்தான் கையை விடுவோம். துணிக்கு அடியில் கண்டதை என் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வேலையில் முதல் பாடமே அதுதான். நீ யாரையும் திரைக்குப் பின்னால் நிறுத்த வேண்டியதில்லை.

நோயைப் பற்றி உடனே எழுது.

மெஹர்னிசா

புதுவாயல்
25.6.2007

அக்காவுக்கு,

"நீ" என்றே எழுதுகிறேன், எனக்கும் அதுதான் சுலபம்.

நோய் திரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை வருடமாகச் செக்கப்புக்குப் போகவில்லை, அதனால்தான் "நினைக்கிறேன்" என்று எழுதுகிறேன். வலிக்கிறது, அக்கா. எழுதிவிட்டேன். இதை எழுத மூன்று காகிதம் வீணாகிவிட்டது.

பை வைத்த நாலாவது மாதம் ஆரம்பித்தது. ஜாக்கெட் இறுக்குகிறது என்று நினைத்துத் தையலைப் பிரித்துவிட்டேன். பிரித்த பிறகும் இறுக்கியது. உள்ளுக்குள்ளே யாரோ அளவு தப்பி, ரொம்பச் சின்னதாக ஒரு ஜாக்கெட் தைத்து மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. அதை எங்கே போய்ப் பிரிப்பது? அந்தப் பக்கம் மட்டும் மேலே ஏறிக் கல்லாக நிற்கிறது. அக்குளிலிருந்து முழங்கை வரை மிளகாய் அரைத்த கை மாதிரி எரிகிறது. இடது கை தோளுக்கு மேல் போகாது. ஆனால் மேல் தோலில் உணர்ச்சியே கிடையாது. போன மாதம் இட்லிப் பானை மூடியைத் திறந்தபோது ஆவி அடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. குளிக்கும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தேன். தொட்டால் தெரியாத இடம் தொடாமலே வலிக்கிறது என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய்.

செல்விக்கு நான் கர்ப்பப்பை எடுத்தவள். தேக்சாப் பாத்திரத்தில் கை வைத்தால் போதும், "அண்ணி, தூக்காதீங்க, வயித்துல தையலு வுட்டுப்பூடும்" என்று ஓடி வருகிறாள். போன பெருநாளுக்கு வயிற்றில் கட்டும் பெல்ட் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அவள் மனம் நோகக் கூடாது என்று அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறேன். வலிப்பது ஒரு இடம், பெல்ட் கட்டியிருப்பது இன்னொரு இடம். எனக்கே சிரிப்பு வருகிறது.

யாரிடம் சொல்வேன்? புற்றின் வலி என்றால் சொல்லலாம், அது அல்லா கொடுத்தது. இது நான் கேட்டு வாங்கியது. "ரேடியேசன் கரண்ட் வெச்ச எடம்மா, இறுகிப்போகலாம், யோசிச்சுச் செய்யுங்க" என்று டாக்டர் அப்போதே சொன்னார். நான் யோசிக்கவில்லை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்போது போய் வலிக்கிறது என்றால், ஆசைப்பட்டாயே அனுபவி என்று வாயால் சொல்ல மாட்டார்கள். மனதுக்குள் சொல்வார்கள், அது எனக்குக் கேட்கும்.

அவரிடமும் சொல்லவில்லை. "உனக்கு வேணும்னா வெச்சிக்கோ" என்று ஒரே வார்த்தையில் சம்மதித்த மனிதர். அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? இன்றுவரை அவர் அதைப் பார்த்ததுகூட இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

யாருக்குக் காட்ட என்று கேட்டாய். யாருக்கும் காட்டவில்லை. போதுமா?

ரமீஸா

பழவேற்காடு
2.7.2007

ரமீஸாவுக்கு,

போதாது. முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போ. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. சொல்ல வெட்கமாக இருந்தால் தனியாகவாவது போ.

நான் உன்னைத் திட்டியது உண்மை. அதற்காக வலிக்கிற உடம்பையும் சேர்த்துத் திட்டுவேன் என்று எப்படி நினைத்தாய்? கேட்டு வாங்கியது என்கிறாய். நானும் நாலு பிள்ளைகளைக் கேட்டுத்தான் வாங்கினேன். நாலு தடவையும் தெருக்கோடி வரை கேட்கக் கத்தினேன். ஆசைப்பட்டாயே, அனுபவி என்று யாரும் சொல்லவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள்.

கல்லாகிவிட்டது என்கிறாய், ஒன்றரை வருடம் டாக்டரிடம் போகவில்லை என்கிறாய். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் உடம்பை நினைத்து நீ ஏன் இப்படிக் குறுகிப்போகிறாய் என்று புரியவில்லை. நான் பார்த்த உடம்புகளை நீ பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டாய். ஆனால் அதைச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. என் நாக்கை நான் கட்டி வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஊரில் எந்த வீட்டில் மய்யத்து விழுந்தாலும் முதலில் என்னைத் தேடி வருகிறார்கள்.

பொன்னேரி பஸ் கண்டக்டர் ராஜமாணிக்கத்திடம் காய்ந்த இறால் கொடுத்து விட்டிருக்கிறேன், வாங்கிக்கொள். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து எழுது. போகாமல் எழுதாதே.

மெஹர்னிசா

புதுவாயல்
19.7.2007

அக்காவுக்கு,

போனேன். அவரிடம் சும்மா செக்கப் என்று சொல்லிவிட்டுக் கவரைப்பேட்டையில் ட்ரெயின் ஏறினேன். பெண்கள் பெட்டியில் நிற்கக்கூட இடமில்லை. இடது கை மேலே போகாது, அதனால் வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது கையால் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். எண்ணூர் தாண்டி ஒரு வளைவில் பக்கத்தில் நின்ற பெண் என் மேல் சாய்ந்தாள். இடித்தது அவளுக்கே வலித்திருக்க வேண்டும். "பைல டிபன் பாக்ஸாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற ஆள் "இன்னாமா கம்ப்ளெய்ண்ட்?" என்றான். சொன்னேன், கேட்கவில்லை. "சத்தமா சொல்லும்மா" என்றான். எனக்குப் பின்னால் நாற்பது பேர். இருமல் என்றேன்.

சிரிக்காதே. இருமல் டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பையன், பர்தாவுக்கு மேலேயே முதுகில் குழலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிவப்பு மருந்து ஒரு பாட்டில் எழுதிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டர் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார் என்று அவரிடம் சொன்னேன். மருந்தைச் செல்விக்குக் கொடுத்தேன், அவளுக்கு இருமல் நின்றுவிட்டது.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நீ எழுதிய ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. நாக்கைக் கட்டி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். முதல் கடிதத்திலும் அதே பேச்சுதான், அப்போது விட்டுவிட்டேன்.

2003 டிசம்பர், நம் சொந்தத்தில் ஹனீப் கல்யாணம், பொன்னேரி மண்டபம். பின்கட்டில் நீங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தீர்கள். முந்தின வாரம்தான் சஹாபுதீன் பாய் சம்சாரம் மவுத்தாகி, நீ போய்க் குளிப்பாட்டிவிட்டு வந்திருந்தாய். தட்டு எடுக்க வந்த நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நீ சொன்னாய்: "ஒரு பக்கம் பலகையாட்டம் கீதுடி. எப்ப எடுத்தாங்களோ, ஒருத்தருக்கும் தெரியாது. துணிய சுருட்டி அடைச்சிக்கினு இத்தினி வருசமா ஊர ஏமாத்திக்கினு இருந்துகீறா." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "பாவம் அந்த மனுசன்" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி சிரித்தாள். நீ சிரிக்கவில்லை, ஆனால் அவளைத் தடுக்கவும் இல்லை.

அன்று என் இடது பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி இருந்தது. அதை உன்னிடம் சொல்லத்தான் கல்யாணத்துக்கு ஒருநாள் முன்னதாகவே வந்திருந்தேன். சொல்லாமல் திரும்பினேன். அதன் பிறகு இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனபோது அக்குள் வரை போயிருந்தது.

எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், பிழைப்பேனா என்று நான் கேட்கவில்லை. எடுத்த இடத்தில் மறுபடியும் வைக்க முடியுமா என்று கேட்டேன். அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். யாருக்குக் காட்ட என்று கேட்டாயே, உனக்குத்தான். உன்னைப் போல் கையில் துணி சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான்.

அப்படியிருந்தும் உன்னையே ஏன் கூப்பிட்டேன் என்று நீ கேட்பாய். கூடப் பிறந்தவளின் உடம்பைப் பற்றியாவது பேச மாட்டாய் என்று நம்பினேன். அவ்வளவுதான்.

ரமீஸா

புதுவாயல்
14.8.2007

அக்காவுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. ராஜமாணிக்கம் இந்தப் பக்கம் வந்தபோது விசாரித்தேன். நீ பஸ் ஸ்டாண்ட் பக்கமே வருவதில்லை என்றார். ஊரில் ஒரு மய்யத்துக்கு உன்னைத் தேடி வந்தார்களாம், நீ உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாயாம்.

நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததிலிருந்து, நடுத்தெருவில் உன் தலைத்துணியைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ மற்றவளுக்குச் செய்ததைத்தான் நான் உனக்குச் செய்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. பதில் எழுது. திட்டியாவது எழுது.

ரமீஸா

பழவேற்காடு
3.9.2007

ரமீஸாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். நாலு பக்கம் உன்னைத் திட்டி எழுதினேன். நீ பொய் சொல்கிறாய், நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை, எனக்கு எதுவும் நினைவில்லை என்று எழுதினேன். மூன்றாவது பக்கத்தில் எனக்கு நினைவு வந்துவிட்டது. நான் பேசப் பேசப் பூண்டு உரிக்கும் கைகள் எல்லாம் அப்படியே நின்றதும், எல்லோரும் என் முகத்தையே பார்த்ததும் நினைவு வந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது, ரமீஸா. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்று பெருமையடித்தேன். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். அதை மறந்தும் போனேன். நாலு வருடமாக, துணிக்கு அடியில் கண்டதைச் சொன்னதே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். உண்மையென்று நம்பியே சொன்னேன், அதுதான் இன்னும் கேவலம்.

அந்த சஹாபுதீன் பாய் சம்சாரத்தின் மகள் சமீனா பொன்னேரியில் இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை போனேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். கையில் கிளாஸை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் "தெரியும் பெரிம்மா" என்றாள். கல்யாணம் முடிந்த மறுநாளே அவள் காதுக்கு வந்துவிட்டதாம். இத்தனை வருடமும் கடைத்தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

பிறகு ஒன்று சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இது வேண்டியதுதான். "உம்மாதான் ஒங்களக் கூப்புட சொன்னாங்க. கடசியா பேசுனதே அதான். வேற யாரும் வேணாம், மெஹர்னிசாவ கூப்புடு, அவ வாயத் தொறக்க மாட்டான்னாங்க."

டீயைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. மன்னித்துவிடு என்று கேட்டேன். "நான் இன்னாத்த மன்னிக்கறது பெரிம்மா? அவங்க இல்ல கேக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நீ முதல் கடிதத்தில் கேட்டதற்கு இப்போது சரியான பதில் சொல்கிறேன். உன்னைக் குளிப்பாட்ட மாட்டேன். இனி யாரையும் குளிப்பாட்ட மாட்டேன். இந்தக் கைக்கு அந்த அருகதை இல்லை. உனக்குக் கட்டி வந்தது அல்லாவின் நாட்டம். நீ வாய் திறக்காமல் கழித்த அந்த இரண்டு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பையை உன் உடம்பில் வைத்ததும் பாதி நான்தான். எழுத இனி எதுவும் இல்லை. ஷாஹுல் மாப்பிள்ளையிடம் சொல். இருமல் என்று சொல்லாதே.

மெஹர்னிசா

புதுவாயல்
11.9.2007

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது மதியம் மூன்றரை மணிக்கு, சாப்பாட்டுக் கூட்டம் போன பிறகு. பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் அவரைக் கூப்பிட்டேன். இரண்டு கையிலும் சோப்பு நுரையோடு வந்தார். வலிக்கிறது என்று சொன்னேன். எங்கே, எத்தனை நாளாக, எதை எதை மறைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். இருமல் மருந்து வரை சொன்னேன்.

அவர் கை நுரையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு வருசமா நீ செவுத்தப் பாத்துக்கினே படுத்தியா, எம்மேல இன்னாவோ வெறுப்புன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கேக்க வெக்கமா இருந்திச்சி" என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் வெட்கப்பட்டுக்கொண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறோம் அக்கா.

மறுநாளே கூட்டிப்போனார். சீட்டு எழுதும் இடத்தில் அதே ஆள், அதே கேள்வி. "என் சம்சாரத்துக்கு ஆபரேசன் பண்ண மார்ல வலி, சார்" என்று இவர் சத்தமாகவே சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற நாற்பது பேரில் ஒருத்தர்கூடத் தலை நிமிரவில்லை. அவரவருக்கு அவரவர் வலி.

டாக்டர் திட்டவில்லை. "இவ்ளோ நாள் எப்படிம்மா பொறுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். நோய் திரும்பவில்லை, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். உள்ளே வைத்த பையைச் சுற்றி உடம்பே ஒரு தோலை உண்டாக்குமாம். எனக்குக் கரண்ட் வைத்த இடம் என்பதால் அது தடித்து, சுருங்கி, பையைப் பிடித்து நெரிக்கிறதாம். பை, தோல் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். வேண்டுமானால் வேறு பை வைக்கலாம், அதுவும் இறுகாது என்று உறுதி தர முடியாது என்றார். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன். கையில் எரிவது முதல் ஆபரேஷனில் நரம்பு பட்டதால். அது குறையலாம், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். உள்ளதைச் சொன்னதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

நோன்பும் பெருநாளும் கழிந்து அக்டோபர் இருபத்தி நாலாம் தேதி ஆபரேஷன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் அது பொய்யாகிவிடும், நாம் இரண்டு பேரும் போதுமான அளவுக்குப் பொய் சொல்லிவிட்டோம். ஆனால் கூட யாரம்மா இருப்பார்கள் என்று நர்ஸ் கேட்டபோது என் வாயில் உன் பேர்தான் வந்தது. எழுதிக்கொண்டுவிட்டாள். நான் செத்த பிறகு நீ என்னைப் பார்க்க வேண்டாம், அந்தப் பேச்சை விட்டுவிடு. இப்போது வந்து பார்.

ரமீஸா

பழவேற்காடு
20.11.2007

ரமீஸாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் வீட்டுக்காரர் கட்டிக் கொடுத்த பிரியாணியைப் பஸ்ஸிலேயே பாதி சாப்பிட்டுவிட்டேன், மீதியை மருமகளுக்குக் கொடுத்தேன். கை எரிவதற்குக் கொடுத்த மாத்திரையை விடாமல் போடு. தூக்கம் வருகிறது என்று நிறுத்தாதே. இறுக்கம் போய்விட்டது என்று நீ சொன்னதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். செல்வியிடம் உண்மையைச் சொன்னதும் நல்லது. அந்தப் பெல்ட்டைத் திருப்பிக் கேட்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

நேற்று மறுபடியும் ஒரு மய்யத்துக்குக் கூப்பிட வந்தார்கள். போகவில்லை. ஏன் என்று கேட்டார்கள். எனக்கு நாக்கு சரியில்லை என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை, ஏதோ புண் என்று நினைத்துக்கொண்டு தேன் தடவச் சொன்னார்கள். முழுசாகச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. சமீனாவை மறுபடியும் போய்ப் பார்க்கப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் சரி.

உன் வீட்டில் இருந்த இருபது நாளில் உன் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத ஒன்றை எழுதிவிடுகிறேன். தையல் பிரித்து, குளிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, உன்னை முக்காலியில் உட்காரவைத்து வாளியில் வெந்நீர் எடுத்து வைத்தேன். முப்பது வருடப் பழக்கம், என்னையறியாமல் கையில் துணியைச் சுற்றிக்கொண்டேன். "எதுக்குக்கா அது?" என்று நீ கேட்டாய். அவிழ்த்துப் போட்டேன். நீயும் மேலே இருந்த துண்டை எடுத்துவிட்டாய். ஒரு பக்கம் தட்டையாக, தழும்போடு, என் தங்கை உட்கார்ந்திருந்தாள். வெறும் கையோடு உன்னைத் தொட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அந்தத் தழும்பு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை அள்ளி உன் தோளில் ஊற்றினேன்.

"தண்ணி சூடா கீதுக்கா" என்றாய்.

நான் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன், ரமீஸா. ஒருத்திகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. வாளியில் பச்சைத் தண்ணீர் விளாவும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால், யாரிடமும் சொல்லாதே.

மெஹர்னிசா